நீ கேட்ட பத்திரத்தை நான் ஏன் எழுதவில்லை

திருப்பாதிரிப்புலியூர்,
புதன்கிழமை.

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட பத்திரத்தை நான் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. மறுப்பை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் படிக்க உனக்குப் பொறுமை இல்லாமல் போனாலும் முடிவாவது உன் கைக்கு வந்து சேரட்டும். ஆனால் காரணத்தையும் நீ படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பதினோரு ஆண்டுகளாக உனக்கும், இறக்கும்வரை உன் அம்மாவுக்கும் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று அதில் இருக்கிறது. படித்த பிறகு இதை மாப்பிள்ளையிடம் காட்டு. பாண்டியனுக்குப் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வண்டிக்குப் பின்னால் வண்டி கட்டி இழுக்கிற யாருக்கு வேண்டுமானாலும் கொடு. மறைத்து வைக்க வேண்டிய காலத்தை நான் ஏற்கெனவே தேவைக்கு மேல் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பதிவு செய்கிறேன். கிள்ளையில் உங்கள் இறால் குளங்களில் குஞ்சு விட்டு மூன்று வாரம் ஆகிறது. மின்சாரம் நின்றால் தண்ணீரைக் கலக்கும் ஏரேட்டர்கள் நிற்கும். அவை நின்ற சில மணி நேரத்தில் இறால்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வரும். விடிவதற்குள் குளம் முழுவதும் போய்விடும். ஆகவே பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்றைக் கடலூர் முதுநகரில் பேசி முடித்திருக்கிறாய். இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றின் மேல் பொருத்திய நிலையில் அது அங்கேயே நிற்கிறது. “பாண்டியன் அண்ணன் அவரு பிக்கப்புலயே மாட்டி இழுத்துனு வந்துடுறேன்னுட்டாருப்பா. வெள்ளிக்கிழம காலைல கெளம்புறாரு. நீங்க ஒரு பேப்பர் மட்டும் ரெடி பண்ணிக் குடுங்க. வழியில எதுனா ஆச்சுன்னா அவரு பொறுப்புன்னு. நம்ம மேல வரக்கூடாதுல்ல” என்றாய். பார்க்கலாம் என்றேன். “என்னாப்பா பாக்கலாம்? ரெண்டு வரிதான? நீங்க தூக்கத்துலயே எழுதுவீங்க” என்று சிரித்தாய். அது உண்மைதான். அந்தப் பத்திரத்தை நான் தூக்கத்திலும் எழுதக்கூடியவன். ஒரு முறை நன்றாக விழித்திருந்தபோதே எழுதினேன்.

குமரேசன் மாமாவைப் பற்றி உனக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. உன் காது குத்தலுக்கு அவன் மடியில்தான் உட்கார்ந்தாய். ஊசி ஏறியதும் நீ அவன் சட்டைப் பையைக் கிழித்தாய். அந்தச் சட்டையை அவன் தைக்காமலே பல நாள் போட்டுக்கொண்டு திரிந்தான். உன் அம்மாவுக்கு ஒரே தம்பி. வடலூரிலிருந்தும் கம்மாபுரத்திலிருந்தும் காய்கறி, சிமெண்டு, கல்யாணச் சாமான் என்று எது கிடைத்தாலும் தன் சின்னப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு ஓடுவான். மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, என் சக வழக்கறிஞர்கள் காது கேட்கவே, “மாமா, ஒங்க ஊட்டு வேலைதான் வேல. இன்னிக்கி முடியலன்னா வாய்தா, அன்னிக்கும் முடியலன்னா இன்னொரு வாய்தா. எனக்கு ஒரு நாள் லேட்டாச்சுன்னா தக்காளி அழுவிப்பூடும்” என்பான். என் எச்சரிக்கைச் சுபாவத்தை அவனும் உன் அம்மாவும் சேர்ந்து கேலி செய்யாத நாள் குறைவு. “ஒங்கப்பா சாமி கும்புட்டாகூட ஷரத்து போட்டுத்தான் கும்புடுவாரு” என்று உன் அம்மா உன்னிடமே சொன்னதுண்டு. அந்த எச்சரிக்கையால்தான் அவன் செத்தான். இந்த வாக்கியத்தை நான் பல முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். வேறு விதமாக எழுத முடியவில்லை.

அவன் இறந்த அன்று எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர் என் கட்சிக்காரர்களில் ஒருவர். கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாலைக்குள் ஜெனரேட்டர் போயாக வேண்டும். வழக்கமாக இழுக்கும் டிராக்டர் அன்று பழுது. கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நான்தான் குமரேசனின் பெயரைச் சொன்னேன். அந்த மாதம் அவனுக்கு லோடு சரியாக இல்லை என்று உன் அம்மா முதல் நாள் இரவு சொல்லியிருந்தாள். உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். கட்சிக்காரருக்கு ஒரே கவலை அவருடைய இயந்திரம். “சார், அது சின்ன வண்டி. வழியில எதுனா ஆயி ஜெனரேட்டரு போச்சுன்னா?” என்றார். “எழுதி வாங்கிக்கொள்ளலாம்” என்றேன். அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோதே அபாயம் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது, கயல். தெரியாமலிருந்தால் அதற்கு எதிராக ஒரு ஷரத்து எழுத எனக்குத் தோன்றியிருக்காது. வண்டியை ஓட்டுபவர் பாரத்தின் எடை, வண்டியின் சக்தி, சாலையின் நிலை ஆகியவற்றைத் தானே ஆராய்ந்து திருப்தியடைந்து, தன் சொந்தப் பொறுப்பில் இழுத்துச் செல்வதாகவும், நேரும் எந்த இழப்புக்கும், உயிரிழப்பு உட்பட, தானே பொறுப்பு என்றும் எழுதினேன். ‘உயிரிழப்பு உட்பட’ என்ற இரண்டு சொற்களைக் கட்சிக்காரர் கேட்கவில்லை. பத்திரம் முழுமையாக இருக்க வேண்டும் என்று நானே சேர்த்தேன்.

குமரேசன் வந்தான். ஜெனரேட்டர் கிடங்கின் வாசலில் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினார்கள். டிரெய்லரின் முன்பகுதியில் இரண்டு டீசல் பேரல்களும் கேபிள் சுற்று ஒன்றும் இருந்தன. மாட்டிய உடனே பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து முகம் சற்று மேலே தூக்கிக்கொண்டது. அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, வழியில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரி ஒருவரின் கண். இப்படி அமுங்கி நிற்கும் வண்டியைப் பார்த்தால் அதிகப் பாரம் என்று ஓரம் கட்டுவார்கள், வழக்கு வரும், எத்தனையோ குறுக்கு விசாரணைகளில் நானே சாட்சியிடம் கேட்ட கேள்வி அது: “வண்டியின் பின்பகுதி அமுங்கியிருந்ததா இல்லையா?” ஆகவே சொன்னேன்: “மச்சான், வண்டி பார்வைக்கு நல்லா இல்ல. அந்தப் பேரலையெல்லாம் டிரெய்லருக்குப் பின்னால தள்ளி வைக்கச் சொல்லு. வண்டி மட்டமா நிக்கும்.” ஆட்கள் தள்ளி வைத்தார்கள். வண்டி மட்டமாக நின்றது. எனக்கு மனநிறைவாக இருந்தது. பதிவுச் சான்றிதழ், காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பத்திரத்தை நீட்டினேன். அவன் வண்டியின் பானட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டான். “படிச்சிப் பாருடா” என்றேன். அதையும் நான் சொல்லத் தவறவில்லை. “மாமா எழுதுனதுல நான் இன்னாத்தப் படிக்கிறது? எங்கக்காவ ஒங்களுக்குக் கட்டிக் குடுத்தப்பயே படிக்காமத்தான் கையெழுத்து போட்டம்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கிளம்பிப் போனான்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு பாலத்தின் இறக்கத்தில் அது நடந்தது. எனக்குச் செய்தி வந்தபோது மாலை நான்கு மணி இருக்கும். நீ அப்போது கோயம்புத்தூரில் கல்லூரிக் கடைசித் தேர்வில் இருந்தாய். ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று உனக்கு நான்தான் சொன்னேன். உன் அம்மாவுக்கும் அதையே சொன்னேன். அது பொய் என்று எனக்குத் தெரிந்தது மறுநாள். காவல் நிலைய வளாகத்தில் நசுங்கிய வண்டியைச் சோதிக்க வந்த மோட்டார் வாகன ஆய்வாளர் என்னை வழக்கறிஞர் என்று மட்டும் அறிந்தவர், உறவு தெரியாது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். பின்னால இருந்தது முன்னால இருந்தத ஓட்டியிருக்கு. ரெண்டு சக்கரத் தள்ளுவண்டில வெயிட்ட பின்பக்கமா வச்சா கைப்புடி என்னா ஆவும்? மேல தூக்கும். அதேதான். கொக்கிய மேல தூக்கியிருக்கு, பிக்கப்போட பின்சக்கரம் ரோட்டப் புடிக்கல. எறக்கத்துல வேகம் ஏறுனதும் டிரெய்லரு இடமும் வலமும் ஆட ஆரம்பிச்சிருக்கும். அந்தாளு பயந்து பிரேக்க மிதிச்சிருப்பாரு. அதோட கத முடிஞ்சிது.” பிறகு டிரெய்லரின் பின்பகுதியில் நசுங்கிக் கிடந்த பேரலைக் காலால் தொட்டுச் சொன்னார்: “எந்தப் புத்திசாலி சார் இதப் பின்னால வைக்கச் சொன்னான்?”

முதல் தகவல் அறிக்கையில், அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதாகக் குமரேசன் மேலேயே வழக்குப் பதிவானது. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு கைவிடப்பட்டது. இந்த ஊரில் அரசாங்கக் காகிதம் ஒன்றில் உன் மாமா இன்றைக்கும் அஜாக்கிரதையாக ஓட்டிச் செத்தவன். மாற்ற நான் ஒரு மனுவும் போடவில்லை. இரண்டு மாதம் கழித்து, கைம்பெண்ணாக உன் சித்ரா அத்தை என் அறைக்கு வந்து எதிரில் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “அண்ணே, மிஷினு வச்சிருந்தவுரு மேல கேஸ் எதுனா போட முடியுமான்னு எங்கண்ணன் கேட்டுனு வரச் சொன்னாரு” என்றாள். “கேஸு நிக்காதும்மா” என்றேன். ஓட்டியவர் மேலேயே தவறு என்று பதிவாகியிருக்கிறது, அவரே தன் பொறுப்பில் எடுத்துச் சென்றிருக்கிறார் என்று விளக்கினேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் வாதத்துக்கு நிற்கும். அந்தப் பொறுப்பை எழுதி வாங்கியது யார், பாரத்தைப் பின்னால் தள்ளச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. வழக்கு நடந்தால் சாட்சிக் கூண்டில் முதல் கேள்வியே அதுவாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே” என்று போய்விட்டாள். அன்றிலிருந்து சிதம்பரம் மேல வீதிப் பக்கம் ஒரு சந்தில் தையல் இயந்திரத்தோடு அவள் உட்கார்ந்திருப்பதை நீ பார்த்திருக்கிறாய். உன் கல்யாண ரவிக்கைகளை அவள்தான் தைத்தாள்.

பிறகு நான் படித்தேன். யாருக்கும் தெரியாமல், தண்டனை பெற்றவன் தீர்ப்பைப் படிப்பதுபோல, பாரம் இழுப்பதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பட்டறைகளில் நின்று கேட்டேன். அதில் எனக்கு விளங்கியவரை உனக்கு எழுதுகிறேன். நான் பொறியாளன் அல்ல. ஆகவே இதை இறுதி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாமல் தெரிந்தவரிடம் உறுதி செய்துகொள். ஒரு வண்டியால் இழுக்க முடிவதும் நிறுத்த முடிவதும் ஒன்றல்ல. பாண்டியனின் பிக்கப் உன் டிரெய்லரை இழுத்துவிடும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மேடான இடத்திலும் முக்கிக்கொண்டு ஏறிவிடும். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். இறக்கத்திலும், ஆடு குறுக்கே வந்து திடீரென்று நிறுத்தும்போதும்தான் யார் யாரை இழுக்கிறார் என்பது தெரியும். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெனரேட்டரின் தகட்டில் எழுதியிருப்பது ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். அது இயந்திரத்தின் எடை மட்டும். டிரெய்லரின் இரும்பு, உள்ளே நிற்கும் டீசல், நீ கூடவே ஏற்றி அனுப்பச் சொன்ன கேபிள், எதுவும் அதில் சேரவில்லை. எல்லாம் சேர்ந்தால் பாண்டியனின் காலி வண்டியைவிடப் பின்னால் வருவது கனமாக இருக்கும் என்றே தோன்றுகிறது. அந்த டிரெய்லரில் தனிப் பிரேக் இருப்பதாகவும் படத்தில் தெரியவில்லை. எடை மேடையில் ஏற்றிப் பார்த்தாயா என்று கேட்டால், இல்லை என்பாய். நானும் அன்று பார்க்கவில்லை. எடைச்சீட்டைத் தவிர மற்ற எல்லாக் காகிதத்தையும் பார்த்தேன்.

எப்போதாவது இழுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், இழுக்கும் வண்டியைச் செய்தவர்கள் எவ்வளவு இழுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களோ அதற்கு உள்ளேயே இரு. ஒன்றும் சொல்லவில்லையென்றால் அனுமதி என்று அர்த்தமல்ல, இல்லை என்று அர்த்தம். பாரத்தில் பெரும்பகுதி டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருந்து, கொக்கியின் மேல் கொஞ்சம் அழுத்தமாக உட்கார வேண்டும். அதனால் வண்டியின் பின்பக்கம் சற்றுத் தாழத்தான் செய்யும். அந்தத் தாழ்வு மிதமிஞ்சிப் போனால் வண்டி அந்தப் பாரத்துக்குப் போதாது என்று அது சொல்கிறது. அதன் வாயை மூடுவதற்காகப் பாரத்தைப் பின்னால் தள்ளக் கூடாது. பாரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பெரிய வண்டியைத் தேட வேண்டும். கொக்கியில் செருகும் முளை கழன்றுவிடாமல் பூட்டு ஊசி போட்டிருக்கிறதா, கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு சாலையில் குத்தாதபடி இரண்டு சங்கிலிகள் குறுக்காக மாட்டியிருக்கிறதா, டயர்களில் காற்று சரியா என்று கிளம்பும் முன்பும், பத்து கிலோமீட்டர் போய் நிறுத்தியும் பார்க்க வேண்டும். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். இறங்க ஆரம்பித்த பிறகு பிரேக்கை நம்பக் கூடாது. டிரெய்லர் ஆடத் தொடங்கினால் கை ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டத் துடிக்கும், கால் பிரேக்கை மிதிக்கத் துடிக்கும். இரண்டையும் அடக்கி, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துத் தானாக வேகம் குறைய விட வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்று அறிந்திருந்து குமரேசனிடம் சொல்லியிருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். பிறகு, அதைச் சொல்லியிருந்தாலும் பேரல் பின்னால்தான் இருந்திருக்கும் என்பதும் நினைவுக்கு வரும்.

நீ கேட்ட மறுநாள், திங்கட்கிழமை, சிதம்பரம் போனேன். சித்ரா ஒரு பள்ளிச் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கட்சிக்காரர் தொழிலை மூடியபோது அவருடைய கோப்பிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த அந்தப் பத்திரத்தை அவள் முன்னால் மேசையில் வைத்து, மேலே உனக்கு எழுதியதையெல்லாம் அதே வரிசையில் சொன்னேன். அவள் பட்டனைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள்: “இத்தினி வருசமா இத உள்ள வச்சிக்கினு எப்பிடிண்ணே சோறு தின்னீங்க?”

அது கோபமா இரக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்வியாகவும் இருந்திருக்கலாம். பத்திரத்தை எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தாள். “எப்பயும் பேருக்குக் கீழ ஒரு கோடு இழுப்பாரு. ரேசன் கடை நோட்டுலகூட இழுப்பாரு. இதுல இல்ல” என்றாள். பிறகு மடித்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதை அவள் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இனி அது அவளுடைய ஆவணம். இப்போது காலம் கடந்துவிட்டாலும், அந்த முதல் தகவல் அறிக்கையைப் பற்றி என்ன செய்ய முடியும் என்று பார்க்க நான் வேறொரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறேன். நான் சாட்சியாக மட்டும் நிற்பேன் என்று சொன்னேன். “அதப் பொறவு பாக்கலாம்” என்றாள். “கயலு ஏதோ ஜெனரேட்டரு வாங்கியிருக்கேன்னு போன்ல சொன்னிச்சே. அது எப்பிடி வருது?” நான் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டாள். “மொதல்ல அதுக்குப் போயி சொல்லுங்க. எங்கிட்ட வந்து இன்னா பண்றீங்க, போங்க” என்றாள். பதினோரு ஆண்டுகளில் அவள் என்னை அதட்டியது அந்த ஒரு முறைதான்.

அன்று மாலையே உன்னிடம் சொல்ல முயன்றேன். மூன்று முறை தொலைபேசியை எடுத்தேன். வாயால் சொல்லும்போது எனக்குச் சாதகமாக ஏதாவது ஒரு சொல்லைச் செருகிவிடுவேன் என்ற பயத்தால் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் நேற்றுக் காலை பாண்டியனே எனக்குப் பேசினார். நீ என் எண்ணைக் கொடுத்திருக்கிறாய்.

“சார், மேடம் சொன்னாங்க. பேப்பரு ரெடியாயிடுச்சுன்னா சொல்லுங்க சார், வந்து கையெழுத்து போட்டுட்டுப் போயிடுறேன்.”

“பாண்டியன், அந்த டிரெய்லரை நீங்க நேரில பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“என்ன தோணுது?”

“இழுத்துடும் சார். நம்ம வண்டி சின்னதுதான், ஆனா கில்லாடி.”

“அதைக் கேக்கல. இழுக்க உங்களுக்கு இஷ்டமா?”

அந்தப் பக்கம் பேருந்து நிலையத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

“நெசத்தச் சொன்னா, வெயிட்டு ஜாஸ்தி சார்” என்றார் கடைசியில். “அதுவும் புதுச்சத்திரம் தாண்டி அந்தப் பாலத்து எறக்கம் இருக்கே, அங்க நம்ம வண்டி நிக்குமான்னு தெரியல. ஊட்லயும் வேணாம்னு சொல்லுது. ஆனா மேடம் நம்பிக் கேட்டுட்டாங்க. நான் மாட்டேன்னா வேற ஆளப் பாத்துடுவாங்க. குளத்துக்குத் தீவனம் ஏத்துறதே நம்ம வண்டிதான் சார். அதுவும் கையவிட்டுப் பூடும். அதான் ஒண்ணும் சொல்லல.”

உறவுக்காக ஒருவன் வாய் திறக்கவில்லை, பிழைப்புக்காக இன்னொருவர் வாய் திறக்கவில்லை. இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குவது எவ்வளவு எளிது பார், கயல். கையெழுத்து சம்மதம் என்று சட்டம் கொள்ளும். பெரும்பாலும் அப்படிக் கொள்ளத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எந்த ஒப்பந்தமும் நிற்காது. ஆனால் நீ நீதிமன்றம் அல்ல. பத்திரம் உன்னைக் காப்பாற்றும் என்று நீ நினைத்தாய். அது நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் உன்னைக் காப்பாற்றும் என்பதே சந்தேகம். அதை வேறொரு நாள் விளக்குகிறேன். நீதிமன்றத்துக்கு வெளியே அது யாரையும் காப்பாற்றவில்லை என்பதற்கு நான் சாட்சி.

ஆகவே நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டாம் என்று பாண்டியனிடம் சொல்லிவிட்டேன். முதுநகரில் கிரேன் வைத்திருப்பவர் ஒருவரிடம் பேசினேன். ஜெனரேட்டரை டிரெய்லரிலிருந்து கழற்றி லாரியில் தூக்கி வைத்துக் கட்டி, கிள்ளையில் இறக்கித் தருவார். காலி டிரெய்லரைப் பின்னால் ஒரு டிராக்டர் கொண்டுவரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவருக்கு ஓய்வு இல்லை. அதற்கு இடையில் இரண்டு இரவுகள் உன் குளங்கள் மாற்று மின்சாரம் இல்லாமல் இருக்கும். மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைக் குறைத்து மதிப்பிட்டு இதை எழுதவில்லை. குஞ்சுகள் போனால் அந்த நஷ்டம் உனக்கு, எனக்கு அல்ல. அது நேராமல் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். நேராது என்று உறுதி சொல்ல என்னால் இயலாது.

இன்னொன்றும் செய்தேன். அதற்கு உன் அனுமதி பெறவில்லை. மாட்டேன் என்று சொன்னதற்காக என் மகள் உங்கள் வேலையை எடுத்துவிட மாட்டாள், தீவனம் ஏற்ற நீங்கள்தான் தொடர்ந்து வருவீர்கள், இந்த ஜெனரேட்டரை வேறு எந்தச் சின்ன வண்டியும் இழுக்காது என்று பாண்டியனிடம் வாக்குக் கொடுத்தேன். “மேடம் சொன்னாங்களா சார்?” என்று கேட்டார். “இல்லை, நான் சொல்கிறேன்” என்றேன். கட்சிக்காரரின் எழுத்துப்பூர்வமான அதிகாரம் இல்லாமல் இன்னொருவர் சார்பில் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்துவிட்டேன். ஒரு முறையும் மீறியதில்லை. நேற்று மீறினேன். சட்டப்படி அந்த வாக்கு உன்னைக் கட்டுப்படுத்தாது. நீ இதைப் படித்ததும் பாண்டியனைக் கூப்பிட்டு, அப்பா சொன்னது அப்பா சொன்னது, எனக்குத் தெரியாது என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, என்னாலும் முடியாது.

அவர் நம்பிவிட்டார். தொலைபேசியை வைக்கும் முன், “அப்ப நான் ஊட்ல சொல்லிடலாமா சார்?” என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா.